ஐந்தாம் வாரமும் அதே ஜாடி

கைப்பிடி அவர் கையில் இருந்தது. ஜாடி மேசையில் இருந்தது. இரண்டும் இப்படித் தனித்தனியே இருக்கக் கூடாதவை என்பது பல்செட்காரருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

இத்தனைக்கும் அவர் இழுக்கவில்லை, முறுக்கவில்லை. ஜாடியைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாம் என்றுதான் ஓவிய வகுப்புக்கு அரை மணி முன்னதாகவே வந்திருந்தார். அவர் உட்காரும் இடத்திலிருந்து அந்தக் கைப்பிடி நேர் எதிரே தெரியும். நான்கு வாரமாக வரைந்து பார்த்துவிட்டார். ஒரு வாரம் அது காது மாதிரி வந்தது. ஒரு வாரம் கொக்கி. மற்ற இரண்டு வாரமும் கடைவாய்ப் பல். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்தைந்து வருடமாகப் பல்செட் செய்கிற கை. ஆப்பிள் வரையச் சொன்னாலும் வேரோடு பிடுங்கிய பல்தான் வரும். கைப்பிடி பின்பக்கம் போய்விட்டால் பாதிக் கவலை தீரும் என்று ஒரு கணக்கு. அதற்காக லேசாகத் தூக்கினார். கைப்பிடி மட்டும் வந்தது.

உடைந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ பொடிந்திருந்தது. முகர்ந்து பார்த்தார். பல்பொடி வாசனை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு எதை முகர்ந்தாலும் அந்த வாசனைதான்.

டீச்சருக்கு இருந்தது ஒரே சட்டம். "பாருங்க, வரைங்க, தொடாதீங்க." ஜாடியைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார். போன வாரம் ஒரு பெண் ஜாடிமேல் உட்கார்ந்த ஈயை விரட்டக் கையை நீட்டியதற்கே, "இன்னொரு தடவை கை நீண்டுச்சுன்னா வகுப்பை விட்டுப் போயிடலாம்" என்றார். ஈக்கே அந்தக் கதி என்றால் கைப்பிடிக்கு?

வெளியே அனுப்பிவிட்டால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? அங்கே கூடத்துச் சுவரில் ஒரு ஆணி காத்திருந்தது. மனைவி அடித்தது. அதற்குக் கீழே, அவர் பாதியில் விட்ட கலைகளெல்லாம் வரிசையாகச் சாய்ந்திருந்தன. இரண்டு கம்பி அறுந்த கிட்டார், ஒரே ஒரு தடவை நனைந்த நீச்சல் கண்ணாடி, 'முப்பது நாளில்' என்று தொடங்கி மூன்றாம் நாளில் முடிந்த நான்கு புத்தகங்கள்.

"ஒரு படம். ஒரே ஒரு படம் முடிச்சுக் கொண்டாங்க, இந்த ஆணியில மாட்டறேன்" என்றிருந்தாள். "இதையும் பாதியில விட்டீங்க, உங்களையே மாட்டிடுவேன்."

வராந்தாவில் செருப்புச் சத்தம். பல்செட்காரர் பையைத் துழாவினார். டீச்சர் ஆளுக்கொன்று கொடுத்திருந்த, மாவு மாதிரிப் பிசைகிற அழிப்பான் கைக்கு அகப்பட்டது. இரண்டாகப் பிய்த்து, கைப்பிடியின் இரு முனையிலும் அப்பி, ஜாடியில் அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. தன் இடத்தில் போய் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

வகுப்பு நிறைந்தது. பக்கத்து இடத்தில் வழக்கம்போல் பஸ் கண்டக்டர் வந்து உட்கார்ந்தார். டீச்சரும் வந்தார். ஜாடியின் நிழல் அழுத்தமாக விழ வேண்டும் என்று பக்கவாட்டு விளக்கைப் போட்டார்.

"டீச்சர்" என்றார் கண்டக்டர், "அறிவிப்புப் பலகையில மூணாவது வாரம் மரம், நாலாவது வாரம் கை, ஆறாவது வாரம் முகம்னு போட்டிருக்கு. இது ஆறாவது வாரம். ரெண்டாவது வாரத்துல ஏறுன ஜாடி இன்னும் இறங்கவே இல்லையே?"

"ஜாடியைப் பார்த்து முடிச்சாச்சுன்னு யார் சொன்னது?" என்றார் டீச்சர்.

டீச்சர் எதற்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. 'இந்தக் கோடு சரியா?' என்றால் 'நீங்க என்ன நினைக்கறீங்க?' என்பார். ஆழமான விஷயம் போலிருக்கிறது என்று வகுப்பில் இரண்டு பேர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அப்போது டீச்சரின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் முகம் வெளிறி, வாசலுக்குப் போனார். "இல்லத்தே... இன்னும் வரைஞ்சு முடிக்கலத்தே... இன்னும் ஒரே ஒரு வாரம்..." என்று கெஞ்சும் குரல் கேட்டது. நம் கையாலாகாத்தனம் டீச்சரின் மாமியார் வரைக்கும் போய்விட்டதா என்று வகுப்பே தலைகுனிந்து வரைந்தது.

விளக்குச் சூட்டில் அழிப்பான் இளகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான்.

முதலில் கண்டுபிடித்தவர் கண்டக்டர். ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"அண்ணே, கைப்பிடி கழுத்துக்கிட்ட இருந்துச்சுல்ல?"

"ஆமா... கழுத்துக்கிட்டதான். கொஞ்சம் கீழே" என்றார் பல்செட்காரர், ஜாடியைப் பார்க்காமலே.

கண்டக்டர் அழித்துவிட்டுக் கொஞ்சம் கீழே வரைந்தார். வரைந்து நிமிர்ந்தபோது அது இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தது. மறுபடி அழித்தார். அதற்குள் பின்வரிசையிலும் அழிக்கும் சத்தம். ஈ விரட்டிய பெண் தாளே கிழியும் அளவுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் போனை விட்டு வராத முக்கால் மணி நேரத்தில் கைப்பிடி கழுத்திலிருந்து இடுப்புக்கு இறங்கியிருந்தது. வகுப்பில் ஒருவர்கூட ஜாடியைச் சந்தேகிக்கவில்லை. எல்லோரும் தங்களைத்தான் சந்தேகித்தார்கள். அதுதான் தொடக்க நிலை வகுப்பின் அழகு.

டீ இடைவேளை விட்டதும் பல்செட்காரர் எல்லோரையும் முன்னே போகவிட்டார். பிறகு ஜாடியை ஏப்ரனுக்குள் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினார். வராந்தாவில் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவு அக்கா, திடீரென்று ஒன்பது மாத வயிறோடு வருகிற மனிதரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துடைப்பத்தை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார்.

எதிர்ச்சாரியிலேயே அவர் பட்டறை. பல் நிறத்துக் குழம்பு தீர்ந்துபோயிருந்தது. ஈறு செய்கிற ரோஸ் குழம்பு மட்டும் இருந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை. பழைய வெள்ளைப் பொடியைச் சுரண்டி எறிந்து, குழம்பை வைத்துக் கைப்பிடியைக் கழுத்தில் பொருத்திப் பத்து நிமிடம் பிடித்தார். எமன் வந்து இழுத்தாலும் வராத ஒட்டு. ஒரே குறை, பழுப்பு ஜாடி ரோஸ் ஈறைக் காட்டிச் சிரிப்பது போல் இருந்தது. வகுப்புக்குத் திரும்பி, பழுப்பு வர்ணத்தைத் தொட்டு ஈறுமேல் பூசி, சாக்பீஸ் வட்டத்துக்குள் இறக்கி வைத்துவிட்டு மூச்சு விட்டார்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. கண்டக்டர் வந்து உட்கார்ந்து, பென்சிலை நீட்டி அளந்தார்.

"அண்ணே. கைப்பிடி மேல ஏறிடுச்சு."

"அப்படியா?"

"டீக்கு முன்னாடி இடுப்புல இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு." கண்டக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது. "சர்க்கரை இருக்குண்ணே எனக்கு. கண்ணைத் தாக்கும், பாத்துக்கோன்னு டாக்டர் சொல்லிட்டே இருந்தார். நான்தான் தள்ளிப் போட்டேன். ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம். கண்ணு போனவனுக்கு எவன் பஸ்ல இடம் குடுப்பான்? சின்னப் பொண்ணு இன்னும் படிச்சிட்டிருக்கு."

"சே சே, கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

"இல்லண்ணே. போயிடுச்சு." அவர் தாளைச் சுருட்டத் தொடங்கினார். "நேரா டாக்டர்கிட்ட போறேன்."

பல்செட்காரர் வீட்டு ஆணியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். கிட்டாரை நினைத்துப் பார்த்தார். பிறகு கண்டக்டரின் கையைப் பார்த்தார். சுருட்டிய தாளை அந்தக் கை பைக்குள் திணித்துக்கொண்டிருந்தது.

"உக்காருங்க" என்றார். எழுந்தார். டீச்சர் அப்போதுதான் போனை அணைத்துவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், கைப்பிடியை உடைச்சது நான்தான்."

வகுப்பில் பென்சில் ஓசை நின்றது. அவர் நிறுத்தவில்லை. திருப்பி வைக்க வந்தது, அழிப்பானில் ஒட்டியது, அது இறங்கியது, ஈறு வைத்தது, வர்ணம் பூசியது என்று ஒரு பல் விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். "யாருக்கும் கண்ணுல ஒண்ணுமில்ல. கைப்பிடி நிஜமாவே இறங்குச்சு. நிஜமாவே ஏறுச்சு."

முதலில் எழுந்தது கண்டக்டரின் குரல். "அப்போ என் கண்ணு நல்லாருக்கா?"

"வகுப்பிலேயே உங்க கண்ணுதான் முதல்ல கண்டுபிடிச்சுது."

"யோவ்!" என்று கத்தி, அடிக்கப் போகிறவர் போல் வந்த கண்டக்டர், அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். பின்வரிசைக்காரர்களும் பெருமூச்சு விட்டார்கள். ஈ விரட்டிய பெண் கிழிந்த தாளை உயர்த்திக் காட்டி, "நானும் சரியாத்தான் வரைஞ்சேன், பாருங்க! மூணு தடவையும்!" என்றாள்.

டீச்சர் மட்டும் பல்செட்காரரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக ஜாடியிடம் போனார். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். வகுப்பு மூச்சைப் பிடித்தது. ஆட்டினார். குலுக்கினார். தலைகீழாகக் கவிழ்த்தார்.

"தாங்குமா?"

"கல்லைக் கடிச்சாலும் தாங்கும் டீச்சர்."

"சூடா ஏதாவது ஊத்தினா?"

"அது ஈறு டீச்சர். டீ, காபி எல்லாம் பழக்கம்தான்."

"பார்த்தா ஒட்டினதுன்னு தெரியுமா?"

"என்கிட்ட பல்செட் கட்டிக்கிட்டவங்களுக்கே பாதி நாள் தெரியாது."

டீச்சர் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது போல் இருந்தது. பல்செட்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"டீச்சர், நான் இருக்கலாமா, போயிடணுமா? நேரா ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றார் டீச்சர். ஆனால் இந்த முறை சிரித்துக்கொண்டே சொன்னார். பல்செட்காரரின் படத்தை எடுத்தார். அதில், அழிக்க அழிப்பான் இல்லாததால், மூன்று கைப்பிடிகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொங்கின. மூலையில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜாடியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். "அடுத்த வாரம் மரம்" என்று அறிவித்துவிட்டு, துள்ளாத குறையாகப் படியிறங்கிப் போனார்.

ஆணிக்குப் படம் கிடைத்துவிட்டது. கண்டக்டருக்குக் கண் கிடைத்துவிட்டது. ஆனாலும் பல்செட்காரருக்கு மனம் ஆறவில்லை. உடைத்தவனை வைவதுதானே உலக வழக்கம்? நெஞ்சோடு அணைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? சுருட்டிய படத்தோடு வராந்தாவுக்கு வந்தார். துப்புரவு அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமே புரியல. ஈயை விரட்டினதுக்கே அந்தச் சத்தம் போட்டவங்க, நான் உடைச்சேன்னு சொன்னா சந்தோஷப்பட்டுட்டுப் போறாங்களே, ஏன்?"

அக்கா தெருப்பக்கம் எட்டிப் பார்த்து, டீச்சர் தலை மறைந்துவிட்டதை உறுதிப்படுத்திக்கொண்டார்.

"அது அவங்க மாமியார் ஜாடி சார். கொண்டாந்த அன்னிக்கே டீச்சர் கை தவறிக் கைப்பிடியை உடைச்சுட்டாங்க. நான்தான் கோந்துல பல்பொடியைக் குழைச்சு ஒட்டிக் குடுத்தேன். வீட்டுக்குக் கொண்டு போகப் பயந்துக்கிட்டு, 'புள்ளைங்க இன்னும் வரைஞ்சு முடிக்கல'ன்னு அஞ்சு வாரமா அந்தம்மாகிட்ட சொல்லிட்டிருந்தாங்க!"