மூன்றாவது அணியின் ஒரே பேச்சாளர்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைக்கூட ஒப்புக்கொள்ளாமல், இருபது வருடம் முதல் ஷிப்டுக்கு நேரம் தவறாமல் வந்துபோன மனிதர் செங்கல்பட்டு வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவருக்குப் பெயர் எதிரணி. பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருப்பார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் "அது நான் இல்ல" என்று மறுத்திருப்பார். அதனால் நாங்கள் யாரும் முயன்று பார்த்ததில்லை.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி அண்ணாத்த" என்பேன்.

"எங்க ஜாஸ்தி? நேத்து மாதிரிதான் கீது."

"சரி, நேத்து மாதிரிதான்."

"நேத்து எங்க இப்பிடி காஞ்சுது?"

சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி, வண்டிகளுக்கு உடம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் வெல்டர்கள். எங்கள் வரிசையில் எட்டுப் பேர். எதிரணி மூத்தவர், நான் கடைக்குட்டி. நான் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவேன். அவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். அவர் அப்பா கடலுக்குப் போனவர். "நீயும் கடலுக்குப் போ" என்று அப்பா சொன்ன ஒரே காரணத்துக்காக இவர் வெல்டர் ஆனார் என்று பேச்சு.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழில் பயப்படுவது; வெல்டிங் பகுதி நேரம்தான். துருவத்தில் பனி உருகுகிறது, கடல் மட்டம் உயரப் போகிறது என்று தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஜிஎஸ்டி ரோட்டுப் பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். குடும்பத்தோடு மிதப்பதற்கு. என் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கடல் ஊரப்பாக்கம் வர்றதுக்குள்ள கேளம்பாக்கத்துல டிராஃபிக்ல மாட்டிக்கும். இதுல துணி காயப்போடலாமான்னு பாருங்க."

மறுநாள் எதிரணியிடம் போய்ப் புலம்பினேன்.

"கடலு வராது நைனா," என்றார். "நான் அது பக்கத்துலயே படுத்துகினு கீறேன். வர்றதா இருந்தா மொதல்ல எனக்குத்தான் சொல்லும்."

அதற்கு முன்பே அவர் வீட்டு வாசலில் நின்ற தென்னை மரங்கள் கடலோடு போயிருந்தன. கேட்டால், மரத்துக்கு வயசாகிவிட்டது என்பார். ஆனாலும் அவர் "வராது" என்று சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த வாரம் எங்கள் மேனேஜர் லைனைப் பார்வையிட வந்தார். பூமி சூடாகிறது என்பதெல்லாம் வேலையில்லாதவர்கள் கிளப்பும் புரளி என்று பேச்சுவாக்கில் சொன்னார். எதிரணி முகமூடியைத் தூக்கினார்.

"இன்னா சார் புரளி? எங்க வூட்டாண்ட வந்து பாருங்க. தென்னமரம் நின்ன எடத்துல இப்ப மீனு நிக்குது. இன்னும் கொஞ்ச வருசத்துல மொத்த குப்பமும் உள்ள பூடும்."

பக்கத்தில் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது. மேனேஜர் நகர்ந்ததும் எதிரணியின் சட்டையைப் பிடித்தேன்.

"எங்கிட்ட வராதுன்னு சொன்னியே அண்ணாத்த."

"நீ வரும்னு சொன்ன. அவுரு வராதுன்னாரு. நடுவுல நான் இன்னா பண்ணட்டும்?"

இரண்டாயிரத்துக்குப் பிறகு, கடலை முந்திக்கொண்டு ரோபோ வந்துவிட்டது. மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. ஆரஞ்சு நிறத்தில் ஆளுயரக் கைகள். அவற்றைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. கூண்டு வாசலில் இரண்டு பக்கமும் கண்ணாடிக் கண்கள் மாதிரி சென்சார். உள்ளே யாராவது காலை வைத்தால் கை அப்படியே நின்றுவிடும். எங்கள் எட்டுப் பேரையும் தகடு தூக்கிக் கொடுக்கும் வேலைக்குத் தள்ளினார்கள். யாருக்கும் வேலை போகாது என்று மேனேஜர் அறிவித்தார். அவர் அறிவிக்கும்வரை எனக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. அன்று மாலையே மைத்துனன் டீக்கடையில் போய் நின்று டீ ஆற்றப் பழகினேன். அத்தனை வருடம் நெருப்போடு வேலை பார்த்தும் கையில் படாத சூடு, அன்று டீ பட்டுத்தான் விழுந்தது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு முதல் நாள், கேன்டீனில் கம்பெனி ஒரு பட்டிமன்றம் வைத்தது. தலைப்பு: "நாளைய மனிதனை அழிக்கப்போவது இயந்திரமா, இயற்கையா?" நடுவர் செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு தமிழாசிரியர். இயற்கை அணியில் நானும் இருந்தேன். கடல் பொங்குவதைப் பற்றிப் பேசப்பேச என் குரலே எனக்குப் பீதியைக் கிளப்பி, பாதியில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதை நடிப்பு என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் கூட்டத்தில் எதிரணி எழுந்தார்.

"நடுவரய்யா, ஒரு டவுட்டு. இந்தாண்ட மூணு பேரு மெஷினால சாவோம்ன்றாங்க. அந்தாண்ட மூணு பேரு கடலால சாவோம்ன்றாங்க. சாவ மாட்டோம்னு பேச ஆள் எங்க?"

"அப்படி ஓர் அணி இல்லீங்களே ஐயா."

"அப்ப நான்தான் அது" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மெஷினு நம்மள இன்னா பண்ணும்? நம்மள மாதிரியே ஷிப்டு பாத்துகினு கீது. டீ குடிக்க வுடறதில்ல. ஒண்ணுக்குப் போவ வுடறதில்ல. கூண்டுல வேற பூட்டி வெச்சிருக்காங்க. அதப் பாத்துப் பயப்படறதா, பாவப்படறதா? நாளைக்குப் பூஜை. நம்ம கட்டிங் மெஷினுக்கு உண்டானது அதுக்கும் உண்டு."

கேன்டீன் அதிர்ந்தது. நடுவர் தீர்ப்புச் சொன்னார்: இயந்திரமும் அழிக்கும், இயற்கையும் அழிக்கும், ஆனால் மனிதர்களிடம் அன்பிருந்தால் இரண்டாலும் முடியாது. பார்க்கப் போனால் மூன்றாவது அணிக்குப் பாதி வெற்றி. எதிரணி உடனே எழுந்து, "அன்பு மட்டும் இருந்தா போதுமா சார்?" என்றார். அவரை உட்கார வைக்க வடைத் தட்டைத்தான் நீட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் பூஜையில் எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், பொரி. பூசணிக்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். விடுமுறை முடிந்து வந்து லைனைப் போட்டால் ரோபோ அசையவில்லை. ஆளாளுக்கு ஒரு பட்டனை அமுக்கினார்கள். கரன்ட் இருக்கிறது, கம்ப்யூட்டர் வேலை செய்கிறது, கை மட்டும் அசைய மறுக்கிறது. வேறு வழியில்லாமல் எங்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டு வெல்டிங் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். அந்த ஒரு நாள் நாங்கள் வெல்டிங் வைத்த அழகை என்னால் எழுத முடியாது. எதிரணி யாரோடும் சண்டை போடாமல் வேலை செய்த நாளும் அது ஒன்றுதான்.

மெஷின் விற்ற கம்பெனியின் வெளிநாட்டு இன்ஜினியர் விமானத்தில் வந்து இறங்கினார். கூண்டைச் சுற்றி நடந்தார். வாசலில் நின்றார். விரலை நீட்டி, இது என்ன என்று கேட்டார். எல்லோரும் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. மேனேஜர் அவருக்குச் சரஸ்வதி பூஜையின் மகிமையை ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் பொறுமையாகக் கைக்குட்டையை எடுத்துச் சென்சாரின் கண்ணைத் துடைத்தார். ஆரஞ்சுக் கை சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. கைக்குட்டையில் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன. ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எங்கள் ஊர்க்காரன் கண்ணுக்குப் பொட்டு வைத்த மெஷின் தெரியாது. பொட்டு வைக்காத மெஷின்தான் தெரியும்.

வைத்தது யார் என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிரணியை சஸ்பெண்ட் செய்து, உள்விசாரணை என்றார்கள். குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும். விசாரணையில் கூட உட்கார்ந்து பேச ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. இருக்கிற ஆட்களில் நடுங்குகிறவனாகப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்தார்.

விசாரணைக்கு முதல் நாள் குப்பத்துக்குப் போனேன். வாசலுக்கு மிக அருகில் அலை வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவர் மனைவி என்னை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"தம்பி, திருக்கழுக்குன்றம் ரோட்டுல மேடா ஒரு மனை பேசி வெச்சிருக்கோம். கம்பெனி லோனு வந்தாத்தான் அங்க வூடு. வேல பூட்டா இந்தத் தண்ணிகிட்டதான் கெடக்கணும். தெரியாம வெச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. நான் சொன்னா வேணும்னே மாத்திப் பேசுவாரு."

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். தெரியாமல் நடந்தது என்று சொன்னால் எச்சரிக்கையோடு முடித்துவிடுவதாக என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். மேனேஜருக்கும் சம்மதம். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் எதிரணியின் பக்கம். அங்கேதான் வந்தது வினை. எதிர்க்க ஓர் ஆள்கூட இல்லாத இடத்தில் அவரை அதற்கு முன் யாரும் உட்கார வைத்ததில்லை.

"தெரியாமல்தானே வைத்தீர்கள்?" என்றார் அதிகாரி.

"தெரியாம எப்பிடி வெப்பேன்?"

நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"கால மிதிக்காத நைனா. சார், இருவது வருசமா வெல்டு வெக்கறேன். கை எங்க போவுதுன்னு பாத்துத்தான் வெப்பேன். பொட்ட தெரியாம வெச்சேன்னா, இதுவரிக்கும் வெச்ச வெல்டெல்லாம் தெரியாம வெச்சதா? அந்த வண்டியில கொழந்த குட்டிங்கல்லாம் போவுது சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு வழி திறந்துவிட்டார். "சரி. இடம் தெரிந்து வைத்தீர்கள். மெஷின் நின்றுவிடும் என்று தெரியாது. அப்படித்தானே?"

பீதியில் நான் முந்திக்கொண்டேன். "அவருக்கு எப்படி சார் தெரியும்? இந்த மெஷின் சமாசாரமெல்லாம் அவருக்குத் தெரியாது சார்."

எதிரணி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏன், எனக்குத் தெரியாதா?"

அதிகாரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

வேலை போயிற்று. உண்மையிலேயே அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இதில் ஒரு கூத்தும் நடந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் எங்கள் எட்டுப் பேரில் மற்ற எல்லோரையும் ஏதேதோ சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னை மட்டும் அனுப்பவில்லை. ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்னும் சென்சாரின் கண்களை மெல்லிய துணியால் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும் என்று அந்தச் சம்பவத்துக்குப் பிறகு விதி வந்துவிட்டது. அந்த ஆள் நான். எதிர்காலத்தை நினைத்து லாரி டியூப் வாங்கியவனை ஒரு பொட்டுக் குங்குமம் கரையில் நிறுத்திவிட்டது.

சில வருடம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். மனைக்காரர் வேறு யாருக்கோ மனையை விற்றிருந்தார். குப்பத்து வீட்டில் முன்னறை இல்லை. மிஞ்சியிருந்த ஓர் அறைக்கு மேற்கே புதுக் கதவு வைத்து, கடல் பக்கம் தகரம் அடித்திருந்தார்கள். எதிரணி கண்ணாடி போட்டிருந்தார். ரிசார்ட்டுகளுக்கு கிரில் கேட் செய்து கொடுப்பதாகச் சொன்னார். கண் மங்கியதால் அதுவும் எப்போதாவதுதான் என்று அவர் மனைவி சொன்னார்.

"கடலு இவ்ளோ கிட்ட வந்துடுச்சே அண்ணாத்த" என்றேன்.

"அது எங்க வந்துது? வூடுதான் கொஞ்சம் கொஞ்சமா அதாண்ட போய்கினு கீது."

சிரித்தோம். அவர் மனைவி சிரிக்கவில்லை. டீ டம்ளரைக் கொடுத்துவிட்டு, தகரத்தின் அடியில் மணல் மூட்டை ஒன்றை நகர்த்தி வைத்தார். அலை தகரத்தில் அடித்தபோது டம்ளரில் டீ நடுங்கியது. என் கை என்று நினைத்தேன். தரைதான்.

கிளம்பும்போது என் வாழ்நாளில் முதன்முறையாகப் பயப்படாதவன்போல் நடித்தேன். அவரை எழுப்பிவிட எனக்குத் தெரிந்த ஒரே வழியும் அதுதான்.

"ஒண்ணும் ஆவாது அண்ணாத்த. கடலு இதுக்கு மேல வராது."

இப்போது வெடிப்பார், 'ஏன் வராது?' என்று சட்டையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தகரத்தின் பக்கம் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தார்.

"ஆமா நைனா," என்றார். "வராது."

செங்கல்பட்டு வரும்வரை பஸ்ஸில் நான் உலகத்தின் அழிவைப் பற்றி நினைக்கவே இல்லை. திரும்பிப் போய் அவரிடம் ஒரு சண்டையாவது வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.