விசிலுக்கு ஈறு வீங்கிய கதை

பல்லால் பஸ்ஸை நிறுத்தியவன் தாமிரபரணிக் கரையிலேயே ஒருத்தன்தான். எங்கள் மாஞ்சோலை பஸ் கண்டக்டர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. விசிலு என்றால் தெரியும்.

மேல்பல் நாலும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். விசிலை அதில் மாட்டிவிடுவான். கயிறு கிடையாது. கை டிக்கெட் கிழிக்கும், வாய் அது பாட்டுக்கு ஊதும். மலை வளைவில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அந்தச் சத்தத்தை நம்பித்தான் நான் ஓட்டினேன். நான் டிரைவர்.

போன மாதம் என் மகள் பல்லை நேராக்கக் கண்ணாடி மாதிரி ஒரு உறை மாட்டிக்கொண்டு வந்தாள். ஈறு வீங்கியிருந்தது. அவன் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் அந்த உறை ஏது? ரோஸ் கலர் பிளேட்டு, முன்னால் ஒரு கம்பி. விசிலுக்கு நாலு வீட்டில் பெண் கேட்டு, நாலு வீட்டிலும் பல்லைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டார்கள். பாளையங்கோட்டைக்குப் போய் மாட்டிக்கொண்டு வந்தான்.

மூன்று வாரத்தில் ஈறு தக்காளி மாதிரி ஆகிவிட்டது. விசிலைக் கடிக்க முடியவில்லை. ஊதுவதற்குப் பதில் பஸ் தகரத்தைத் தட்டினான்.

"ஏலே, அதக் கழட்டிக் கழுவுதியா?" என்று கேட்டேன்.

"கழட்டுனா பல்லு பைய வெளிய வந்துரும்லா அண்ணாச்சி."

மூன்று வாரமும் கழற்றவே இல்லை. சோறும் அதோடுதான். தூக்கமும் அதோடுதான்.

போதாததற்கு, எச்சில் தொட்டு டிக்கெட் கிழிப்பான். டிக்கெட் எல்லாம் சிவப்பாகிவிட்டது.

"வெத்தலைய வெளிய போயித் துப்பும் வே" என்றாள் எஸ்டேட் கிழவி ஒருத்தி.

செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒரு டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்தார். "என்னய்யா இது?"

"ரத்தம் சார்."

அவர் அடுத்த டிக்கெட்டைக் கேட்கவில்லை. இறங்கிவிட்டார்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். வாயைப் பார்த்தார். பிறகு விரலைப் பார்த்தார். "என்ன வேலை?"

"கண்டக்டர்."

"ஊர்க் காசு அழுக்கெல்லாம் உங்க ஈறுலதான் இருக்கு" என்றார். சாப்பிடும்போது கழற்று, கழுவு, பல் தேய், விரலை வாயில் வைக்காதே என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சேரன்மகாதேவியில் ஐந்தாவது பெண். பால்வாடி டீச்சர். அவனுக்குப் பெரியவர்கள் இல்லை. நான் போனேன்.

கேசரி வந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினான். பெண்ணின் அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "மாப்பிள்ளை ஊமையா?"

"இல்ல. கண்டக்டர்."

அந்தப் பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேலுதடு உப்பியிருக்கு. ஈறு வீங்கியிருக்கு" என்றாள்.

பிடிபட்டுவிட்டான். பிளேட்டைக் கழற்றிக் கேசரிக்குப் பக்கத்தில் வைத்தான். அப்பா எழுந்துவிட்டார். நானும் செருப்பைத் தேடினேன்.

அவள் உள்ளே போய் ஒரு செம்பு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். "கொப்புளிச்சுட்டு வந்து பேசுங்க."

கொல்லையில் கொப்புளித்துவிட்டு வந்தான்.

"இதெல்லாம் எதுக்கு மாட்டுனீங்க?"

"நாலு வீட்டுல வேண்டாம்னுட்டாங்க."

"நான் ஒண்ணுஞ் சொல்லலையே."

கல்யாணத்துக்குப் பிறகு டாக்டர் சொன்னபடி மாட்டினான். விரலுக்கு ஒரு டப்பாவில் ஈரப் பஞ்சு. ஈறு ஆறிவிட்டது. ஒரு வருஷத்தில் பல்லும் உள்ளே போய்விட்டது.

அதோடு வந்தது வினை. மாஞ்சோலை ரோட்டில் மூன்றாவது வளைவு. வண்டியைப் பின்னால் எடுக்கிறேன். சத்தம் இல்லை. பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால் விசிலு தரையில் விசிலைத் தேடுகிறான்.

"பல்லுல நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி."

மறுநாள் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு. அதில் விசில்.

"யாருலே கட்டுனது?"

"அவ கழுத்துல நான் ஒண்ணு கட்டுனேன். எங் கழுத்துல அவ ஒண்ணு கட்டிட்டா."

ஊதினான். வண்டியை எடுத்தேன்.

அவனுக்குப் பிறகு எத்தனையோ கண்டக்டர்கள் வந்தார்கள். எல்லாரும் நன்றாகத்தான் ஊதினார்கள். ஆனாலும் நான் பக்கக் கண்ணாடியைப் பார்த்துத்தான் வண்டியைப் பின்னால் எடுத்தேன்.