மேசைமேல் ஒரு சமையல்காரர்

"இந்த ஓட்டலில் இனிமேல் என் கொடிதான் பறக்கணும்" என்று முதலாளி சபதம் போட்டபோது அவர் பாதி முகத்தில் சவர நுரை இருந்தது. அதனால் மீசையை முறுக்க முடியவில்லை. ஆனாலும் சபதம் சபதம்தான்.

அவர் வருத்தம் அவருக்கு. கல்லாவில் உட்காருவது அவர். வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிடுவதும் அவர். மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும் மெத்தை நாற்காலி அவருக்கு உயிர். ஆனால் சாப்பிட்டு எழுந்தவர்கள் அவரிடம் காசை நீட்டிவிட்டு, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "அம்மா, சூப் பிரமாதம்!" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கே அடுப்படியில் நிற்பது அவர் மனைவி. கூடமாட ஒத்தாசைக்கு அவள் தங்கை. முதலாளியோ வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி விற்பவன் வந்து சேர்ந்தான்.

"மிக்ஸட் ரியாலிட்டி சார். இருக்கறதோட இல்லாததையும் கலந்து காட்டும். இந்தக் கண்ணாடியை மாட்டினா மேசையும் தெரியும், தட்டும் தெரியும். தட்டுக்குப் பக்கத்துல சாண் உயரத்துக்கு ஒரு சமையல்காரர் வந்து நிப்பார். சூப்பை எப்படி வெச்சேன்னு அவரே கதை சொல்லுவார். வந்தவங்க அசந்து போயிடுவாங்க."

"அந்தச் சமையல்காரர் யாரு?"

"இங்க யார் சமைக்கறாங்களோ அவங்களைத்தான் படம் பிடிப்போம் சார்."

முதலாளி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான்தாம்ப்பா."

அக்காளும் தங்கையும் காய்கறிச் சந்தைக்குப் போயிருந்த சமயத்தில் படப்பிடிப்பு நடந்தது. முழ உயரத்துக்கு வெள்ளைத் தொப்பி. கையில் கரண்டி. அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதைக் கண்ணாடிக்காரன்தான் சொல்லிக்கொடுத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி நன்றாகவே வேலை செய்தது. மேசைக்கு மேசை குட்டி முதலாளி நின்றுகொண்டு, "என் கையாலேயே கிண்டிய சூப்!" என்று மார்தட்டினார். சிலர் கரண்டி முனையால் அவர் தொப்பையைக் குத்திப் பார்த்தார்கள். தினம் வருகிற பல் டாக்டர் கல்லாவுக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத்தனை வருஷமா சமையல் உங்களதுன்னு சொல்லவே இல்லையே!"

"எதுக்கு டாக்டர் தம்பட்டம்?" என்றார் முதலாளி, அடக்கமாக.

விஷயம் எத்தனை நேரம் மறைந்திருக்கும்? தங்கை மாட்டிப் பார்த்தாள். அக்காளைக் கூப்பிட்டாள். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைமேல் நின்ற புருஷனை முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கல்லாவில் இருந்த பெரிய புருஷன் பயத்தில் சாண் அளவுக்குச் சுருங்கினார்.

"என்னங்க."

"ம்?"

"தொப்பி பொருத்தமாத்தான் இருக்கு."

"கோ... கோவம் இல்லையா உனக்கு?"

"எதுக்குக் கோவம்?" என்று சிரித்தாள் மனைவி. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் கண்ணாடிக்காரன் அடுப்புக்கு மேலே கேமரா மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்ற?"

"அம்மா வரச்சொன்னாங்க சார். இனிமே எல்லாம் நேரலை. நீங்க இங்க என்ன செய்யறீங்களோ, அது அப்பவே மேசைமேல தெரியும்."

முதலாளி மனைவியிடம் ஓடினார்.

"எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். பல் டாக்டருக்குத் தெரியாதே. சொல்லிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!"

"அப்பத் தொப்பியை எடுத்து மாட்டுங்க."

"கல்லாவை யாரு பாத்துக்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று மெத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள் மனைவி. மின்விசிறியையும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். முதலாளி ஆவியில் வெந்தார். வெங்காயம் நறுக்கி அழுதார். மேசைமேல் குட்டி முதலாளியும் அழ, சாப்பிட வந்தவர்கள் கைதட்டினார்கள். நாற்காலியை நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

அப்போதுதான் ஒரு யோசனை தோன்றியது. சமையலைக் கெடுத்துவிட்டால்? ஜனங்கள் கத்துவார்கள். மனைவி பதறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவருவாள். நாற்காலி காலியாகும்!

கேமராவை முதுகால் மறைத்துக்கொண்டு சூப்பில் உப்பைக் கைகையாக அள்ளிப் போட்டார். கோழியைக் கரியாக்கினார். எல்லாவற்றையும் பரிமாறும் ஜன்னலில் வைக்க, தங்கை வாங்கிக்கொண்டு போனாள். முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு சத்தமும் இல்லை. கிண்ணங்கள் வழித்து நக்கியதுபோல் திரும்பி வந்தன. இன்னும் ரெண்டு பிடி உப்பைப் போட்டார். பல் டாக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னிக்கு என்னைக்கும் இல்லாத ருசி!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி யோசித்தார். ஒருவேளை தனக்கே தெரியாமல் தனக்குச் சமைக்கத் தெரியுமோ? நினைக்க நினைக்க நெஞ்சு நிமிர்ந்தது. கடை ஓய்ந்ததும் கரண்டியைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"பாத்தியா கைப்பக்குவத்தை? உப்பைக் கொஞ்சம் தாராளமாத்தான் போட்டேன். ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா?"

மனைவி நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"எப்படித் திறப்பாங்க? மேசைக்குப் போனதெல்லாம் பின்பக்கத்துல தங்கச்சி சமைச்சது. கண்ணாடியில மட்டும்தாங்க நீங்க."

"அப்ப... நான் சமைச்சது?"

"வீணாக்குவேனா? ஒரு சொட்டு சிந்தாம எடுத்து வெச்சிருக்கேன். கையைக் கழுவிட்டு வாங்க, அது தீர்ற வரைக்கும் உங்களுக்கு அதுதான் சாப்பாடு."