மாமாவின் கிட்னி மாமாவிடமே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கும் எல்லோரும் நலமா என்று கேட்பதுதான் மரியாதை. ஆனால் நேற்று மச்சினன் போனில் சொன்னதைக் கேட்ட பிறகு அப்படிக் கேட்டால் தெரிந்துகொண்டே கேட்பது போலாகிவிடும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரலைக் கேட்டதும் நீங்கள் அழுகிறீர்கள், மாமா போனை வாங்கி "ம்" என்கிறார், நான் "ம்" என்கிறேன், இரண்டு பக்கமும் சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் உறுதியாவதில்லை.

எனக்கு விமானம் ஓட்டுவதற்கான மருத்துவச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை என்பது உண்மை. உங்கள் மகளுக்கு நான் கொடுத்த கிட்னிதான் அதற்குக் காரணம் என்பது பொய். "பொண்ணும் தங்கல, அவளுக்காக மாப்பிள்ளை பொழப்பும் போச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீங்கள் சொல்லி அழுவதாகவும், சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுவதாகவும் மச்சினன் சொன்னான். அதைக்கூடக் கேட்டுக்கொண்டேன். மாமா தன் கிட்னியில் ஒன்றை எனக்குத் திருப்பித் தருவதாக முடிவு செய்து, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டிவிட்டு வந்திருக்கிறாராம். அத்தை, தயவுசெய்து மாமாவைத் தடுத்து நிறுத்துங்கள். சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது என்று பெற்ற மகளுக்கே வேண்டாம் என்று ஒதுக்கிய கிட்னி அது. உங்களுடையதையும் அதே காரணத்துக்காகத்தான் ஒதுக்கினார்கள். என்னுடையது பொருந்தியது, கொடுத்தேன். இது கைமாற்று இல்லை, திருப்பிக் கொடுக்க.

என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் மகளைப் பார்த்துக்கொள்வதற்காக விடுப்பிலேயே இருந்தேன் அல்லவா, அதற்குள் பழைய சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. எனவே விமானிகளைச் சோதிக்கும் டாக்டரிடம் போனேன். பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருக்கிறார். கீழே துளை போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பதால் மேலே எல்லோருக்கும் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும் என்று அவரே சொன்னார். என் தழும்பைப் பார்த்ததும், "ரெட்டை எஞ்சின்ல ஒண்ணைக் கழட்டிக் கொடுத்துட்டீங்களாக்கும்" என்று சிரித்தார். ரத்தம் எடுத்தவரும் இதையே சொன்னார். ஸ்கேன் எடுத்தவரும் சொன்னார். அந்தக் கட்டடத்தில் இந்த நகைச்சுவையைச் சொல்லாதவர் வாசல் காவலாளி ஒருவர்தான், அவருக்கு விஷயம் தெரியாது. எல்லா முடிவும் வந்த பிறகு டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாமாவுக்குப் படித்துக் காட்டுங்கள்: "இருக்கிற ஒண்ணு ரெண்டு பேர் வேலையைப் பாக்குது. கிட்னி விஷயத்துல நீங்க தாராளமா பறக்கலாம்." ஆக கிட்னி அத்தியாயம் அங்கேயே முடிந்துவிட்டது.

பிறகுதான் வம்பு வந்தது. டாக்டர் நல்ல மனிதர், பேச்சுக் கொடுத்தார். "யாருக்குக் கொடுத்தீங்க?" என்றார். "வீட்ல" என்றேன். "அடடே. வீட்ல இப்ப எப்படி இருக்காங்க?" என்றார். "வீட்ல யாரும் இல்ல டாக்டர்" என்றேன். "ஓ, ஊருக்குப் போயிருக்காங்களா" என்று அவரே முடித்துக்கொண்டு கண் பரிசோதனைக்கு நிறுத்திவிட்டார். நான் எதையும் மறைக்கவில்லை அத்தை, கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னேன். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை ஒரு பிழையில்லாமல் படித்தேன். படித்து முடிக்கும்போது சட்டைக் காலர் நனைந்திருந்தது. "கண்ணுல ஏன் இப்படித் தண்ணி ஊத்துது?" என்றார். "அலர்ஜி" என்றேன். "எதுக்கு?" "தூசிக்கு." "மாத்திரை எதுவும் போடறீங்களா?" போடவில்லை என்று சொன்னால் நம்பமாட்டார் என்று தோன்றியதால், மாமா சளி பிடித்தால் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிவிடுவாரே, அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னேன். வேறு பெயர் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "கிட்னி இல்லாம ஓட்டலாம் சார். இதைப் போட்டுக்கிட்டு ஓட்ட முடியாது. தூங்கி வழிய வைக்கும், நமக்கே தெரியாது" என்றார். அலர்ஜி நிபுணரிடம் போய்விட்டு வரும்வரை சான்றிதழ் கிடையாது என்று அனுப்பிவிட்டார். உடம்பிலிருந்து ஒரு உறுப்பே போனதை மன்னித்தவர், நான் விழுங்காத ஒரு மாத்திரையை மன்னிக்கவில்லை.

அலர்ஜி நிபுணர் முன்கை முழுவதும் ஊசியால் குத்திக் குத்தி ஒவ்வொரு சொட்டாக வைத்தார். தூசி, பூனை முடி, கரப்பான், மகரந்தம், பூஞ்சை, கடலை. எதுவும் வீங்கவில்லை. அந்த அம்மாவுக்கு மிகுந்த ஏமாற்றம். "இத்தனை வருஷத்துல எல்லாமே ஒத்துக்கிற அலர்ஜி பேஷன்ட்டை இப்பத்தான் பாக்கறேன்" என்றார். பிறகு, எப்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று கேட்டார். எதையும் பதிவேட்டில் குறிக்கும் விமானிப் பழக்கத்தால் இதையும் குறித்துத்தான் வைத்திருந்தேன், சொன்னேன். "சாப்பிட ரெண்டு தட்டு எடுத்து வச்சுட்டு, ஒண்ணைத் திரும்ப உள்ள வைக்கும்போது." அவர் யோசித்துவிட்டு, "பாத்திரம் கழுவுற சோப்பை மாத்துங்க" என்றார். மாற்றினேன். தட்டு பளபளவென்று இருக்கிறது, கண் அப்படியேதான் இருக்கிறது. "வேற எப்ப?" என்றார். "படுக்கையறை அலமாரியைத் திறந்தா." "அப்ப அதுதான், மரத்துல ஏதோ இருக்கு" என்று பூச்சிமருந்து அடிக்கிறவரை வரவழைக்கச் சொன்னார்.

அவரும் வந்தார். முகத்தில் கவசம், முதுகில் உருளை, எங்கள் விமானத் தீயணைப்பு ஆட்கள் தோற்றார்கள். அலமாரிக்குள் டார்ச் அடித்து மூலைமூலையாகப் பார்த்துவிட்டு, "வண்டு, கரையான் ஒண்ணும் இல்ல சார். எல்லாம் பொம்பளைத் துணிதான். பூட்டியே கிடக்குது போல. இதை எடுத்து யாருக்காவது கொடுத்துட்டீங்கன்னா சரியாப் போயிடும்" என்றார். நான் கதவை மூடிவிட்டு, சமையலறையில் அடிக்கச் சொன்னேன். சமையலறையில் இல்லாத கரப்பானுக்கு அவர் அடித்த மருந்தில், அத்தை, உண்மையாகவே கண் எரிந்து, மறுநாள் வரை தும்மினேன். நிபுணருக்கு மகிழ்ச்சி. கடைசியில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லையே. தூக்கம் வராத வேறு ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து, விமானிகள் இதைப் போடலாம், சில நாள் தரையில் இருந்தபடி போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். இல்லாத வியாதிக்கு அதைத் தவறாமல் விழுங்கி வருகிறேன். மயக்கம் இல்லை, தலைச்சுற்றல் இல்லை, கண்ணில் நீர் மட்டும் முன்பு போலவே. திங்கட்கிழமை சான்றிதழ் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆகவே காரணம் தூசிதான், வேறெதுவும் இல்லை. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். மாமாவின் கிட்னி மாமாவிடமே இருக்கட்டும், அவருடைய அன்பை மட்டும் முழுதாகப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லுங்கள். மச்சினனைப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள், துப்பறிய வேண்டாம். உங்கள் இருவர் பாதங்களுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
பணிவுள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது டாக்டர்கிட்டேருந்து போன் வந்தது அத்தை. அலர்ஜி நிபுணர் ரிப்போர்ட் அனுப்பிட்டாங்களாம், சான்றிதழ் கையெழுத்தாகி மேசையில இருக்காம். "வரும்போது வீட்லயும் கூட்டிட்டு வாங்க. உங்க கிட்னியை வாங்கினவங்களை ஒரு தடவை பாக்கணும்"னாரு. பிரியமாத்தான் கேட்டாரு. நான் "வீட்ல போயிட்டாங்க டாக்டர்"னேன். கீழ பல்லு மெஷின் ஓடுற சத்தம் மட்டும் போன்ல கேட்டுக்கிட்டிருந்தது. அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன். தூசி இல்ல, அந்தச் சளி மாத்திரையை நான் போட்டதே இல்ல, ராத்திரி தூங்கறதும் இல்ல. இதைச் சொன்னா மனசு டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, அவங்க மாத்திரை கொடுப்பாங்க, அதோட மாசக்கணக்கா தரையிலதான்னு எங்க கேப்டன் முன்னாடியே எச்சரிச்சிருந்தாரு. அதனாலதான் அலர்ஜின்னேன். டாக்டர், "போட்ட கையெழுத்தை இப்ப அடிச்சுடறேன். நாளைக்கு வாங்க, பரிசோதனைக்கு இல்ல, சும்மா உக்காந்துட்டுப் போங்க"ன்னாரு. மறுபடி பறக்க ஆறு மாசமாவது ஆகுமாம்.

அதனால மேல எழுதின தூசி, சோப்பு, பூச்சிமருந்து எல்லாத்தையும் அடிச்சுட்டுப் படிங்க. கிட்னி நல்லா இருக்கு, அது மட்டும் நிஜம். அது மேல பழி போடாதீங்க, உங்க மேலயும் போட்டுக்காதீங்க. நான் பறக்க முடியாததுக்கு உங்க பொண்ணுதான் காரணம். கல்யாணம் ஆனதுலேருந்து அவளைப் பத்தி உங்ககிட்ட ஒரு புகாரும் சொன்னதில்ல, இதுதான் முதல் தடவை. அவ பண்ணிட்டுப் போயிருக்கிற வேலையைப் பாருங்க அத்தை.