சத்திரத்துச் சாயமும் பச்சைத் தண்ணீரும்

என் தங்கை கோமதியைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வருகிறார்கள். குற்றாலத்து அருவியே அன்று பச்சையாக விழுந்தது என்று என் மருமகன் தன் நண்பர்களிடம் சத்தியம் செய்திருக்கிறான். (அருவிக்குக் கீழே ஊற்றிய சாயம் மேல்நோக்கிப் பாயாது என்று விளக்கிப் பார்த்தேன். “கதையக் கெடுக்காதீய மாமா” என்றுவிட்டான்.) ஆகவே நான் கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், அவ்விடத்தில் இருந்த வேறொருவராவது ஒப்புக்கொண்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். நான் அன்று அணிந்திருந்த சட்டை என்ன நிறம் என்பதைக்கூட விட்டுவிடுகிறேன். அதை உறுதி செய்ய ஆள் இல்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சென்னையில் பொதுச் சுகாதாரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, கழிக்கும் நீர் எங்கே போகிறது, இரண்டும் வழியில் எங்கேனும் சந்தித்துக்கொள்கின்றனவா என்பதே அப்படிப்பின் சாரம். (எங்கள் ஊரில் அதற்குச் சாக்கடைப் படிப்பு என்று பெயர். பையன் என்ன படிக்கிறான் என்று கேட்பவர்களிடம் அப்பா “எஞ்சினீர்” என்பார். மேலும் துருவினால் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்.) விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் ஓரிடத்தைத் தேர்ந்து களப்பணி செய்ய வேண்டும். நான் குற்றாலத்தைத் தேர்ந்தேன். ஆராய்ச்சி ஆர்வம் என்று பேராசிரியரிடம் சொன்னேன். சாரல் காலம் என்பதும், தென்காசியில் எங்கள் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்பதும் அவர் கேட்காதவை.

தென்காசியில் அப்பாவுக்கு ஒரு சிறிய ஜவுளிக்கடை. முன்புறம் கடை, பின்புறம் வீடு. அந்த வீட்டை நான் சில நாள்களிலேயே ஆய்வுக்கூடமாக்கிவிட்டேன். ஊறுகாய் ஜாடிகளுக்கு அருகில் வாய்க்கால் நீர் நிறைந்த சீசாக்களை அடுக்கினேன். அம்மா ஒரு முறை அவற்றுள் ஒன்றை எடுத்து ரசத்துக்கு ஊற்றப் போனார்; கோமதி பாய்ந்து பிடுங்கினாள்.

அக்காலத்தில் எனக்கு வேறொரு நோயும் இருந்தது. தூய தமிழில்தான் பேசுவேன், பிறரையும் பேசவைப்பேன். வீட்டில் யாரேனும் தண்ணி என்றால் தண்ணீர் என்று திருத்துவேன். “எண்ணே, நீ தண்ணீர்னு சொல்லி முடிக்கதுக்குள்ள எனக்கு விக்கலே நின்னுட்டு” என்பாள் கோமதி.

அந்தக் கோமதிக்குத்தான் சுரண்டையிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். தந்தை இல்லை, பெரியப்பா வைத்ததுதான் அவ்வீட்டில் சட்டம். முன்பு வந்த வரன்களெல்லாம் சாதகம், சீர், நிறம் என்று ஏதோ ஒன்றில் முறிந்திருந்தன. கோமதி அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கணக்கு ஆசிரியரைத் தோழி ஒருத்தியின் திருமணத்தில் பார்த்திருந்தாள். “பரவால்ல” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவள் வாயிலிருந்து ஓர் ஆடவனைப் பற்றி அச்சொல் வந்தது அதுவே முதல் முறை. அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் என்னைத் தனியே அழைத்தாள்.

“எண்ணே, ஒன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். அவுக வந்துட்டுப் போற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்?”

“அதத்தான் சொல்லுதேன். இப்படிப் பேசாத.”

ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை குற்றாலத்தில் எனக்கு முக்கியமான சோதனை. அங்கே ஒரு சத்திரம். அதன் பின்புறம் மூடிய மலக்கழிவுத் தொட்டி. அதற்குச் சற்றுக் கீழே மக்கள் குளிக்கும் வாய்க்கால். தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குக் கசிவு உண்டா என்று அறிய வேண்டும். அதற்கென ஒரு சாயப்பொடி உண்டு. உலர்ந்திருக்கும்போது செங்காவி, நீரில் விழுந்ததும் கண்ணைப் பறிக்கும் பச்சை. தீங்கற்றது. தொட்டியில் கரைத்துவிட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அங்கே பச்சை தோன்றினால் கசிவு உண்டு.

சத்திரத்துக் காவலாளி மாடசாமி குடையைச் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார்.

“சார், இதப் போட்டா கொசு சாவுமா?”

“கொசுவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தொட்டி நீர் எந்த வழியாகச் செல்கிறது என்று அறிவதற்கு.”

“வழி தெரிஞ்சி என்ன செய்யப் போறீய, கூடப் போவவா?”

பொடியைத் தொட்டியில் கரைத்தேன். வாய்க்கால் கரையில் வந்து நின்றேன். பச்சை தோன்றவில்லை. சாரல் விழுந்தது, நின்றது, மீண்டும் விழுந்தது. எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மேலே நடந்தேன், கீழே நடந்தேன், மதகு வரை போனேன், தொட்டிக்கே திரும்பி வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே அற்புதமான பச்சை. வெளியே ஒன்றும் இல்லை. குறைவாகப் போட்டுவிட்டேனோ என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம். முடிவில் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஒருவரிடம், “ஐயா, பச்சையாக ஏதேனும் வரக் கண்டீர்களா?” என்று கேட்டேன்.

“துண்டா? இப்பந்தான் ஒண்ணு போச்சு. ஆனா அது செவப்பு” என்றார்.

நண்பகலுக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. வாடகைச் சைக்கிளில் ஏறினேன். வழியில் நீர் தென்பட்ட இடத்திலெல்லாம் இறங்கிப் பார்த்தேன். கண்ணை மூடினால் பச்சை. திறந்தால் வயல், அதுவும் பச்சை. நான் வீடு சேர்ந்த சிறிது நேரத்தில் சுரண்டைக் காரும் வாசலில் வந்து நின்றது.

பெரியப்பா, மாப்பிள்ளையின் தாயார், மாப்பிள்ளை ஆகிய மூவரே வந்தனர். பெரியப்பா வாட்டசாட்டமானவர்; மீசைக்கு மட்டும் தனியாக எண்ணெய் போட்டிருந்தார். நான் பாயின் ஓரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தேன். கோமதி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் கண் என்மேல் இருந்தது என்பதை அவளே பின்னர் உறுதி செய்திருக்கிறாள்.

“குத்தாலம் போய்க் குளிச்சிட்டு வாரீயளா அண்ணாச்சி?” என்று அப்பா தொடங்கினார்.

“அருவிப் பக்கம் எங்க போவ? ஒரே கூட்டம்” என்றார் பெரியப்பா. “அங்கன ஒரு சத்திரம் இருக்குல்லா, அதுக்குக் கீழ வாய்க்கால்ல எறங்கிட்டோம்.”

என் முதுகு நிமிர்ந்தது. கதவுக்குப் பின்னால் வளையல் ஒலித்தது. வாயைத் திறக்கவில்லை.

“எனக்கு வீட்ல வெந்நிதான் பழக்கம், பாத்துக்கிடுங்க. இன்னைக்கு ஒரே பச்சத் தண்ணி. சும்மா அப்படியே தலையோட முங்கி, வாயெல்லாம் கொப்புளிச்சி...”

“எங்கே? எந்த இடத்தில் பச்சை?” என்று கேட்டுக்கொண்டே நான் எழுந்து நின்றிருந்தேன்.

பச்சைத் தண்ணீர் என்பது பண்புத்தொகை. பச்சை என்னும் சொல் நிறத்தையும் குறிக்கும், காய்ச்சாமையையும் குறிக்கும். பச்சைத் தண்ணீரில் குளித்தேன் என்றால் சுடவைக்காத நீரில் குளித்தேன் என்பதே பொருள் என்று தென்காசியில் தவழும் குழந்தையும் அறியும். ஊரார் பேச்சையெல்லாம் திருத்தித் திரிந்த நான் அன்று அதை அறியவில்லை. என் மண்டைக்குள் காலை முதல் ஒரே ஒரு பச்சைதான் ஓடிக்கொண்டிருந்தது.

“சத்திரத்துக்குக் கீழத்தான் தம்பி. ஏன்?” என்றார் பெரியப்பா.

“அப்படியானால் கசிவு உறுதி. அஞ்சாதீர்கள், சாயம் தீங்கற்றது. நான்தான் காலையில் கரைத்தேன்.”

“எதுல கரைச்சீரு?”

இந்த இடத்தில் நான் மயங்கி விழுந்திருக்கலாம். இருமியிருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்குத் துல்லியமான விடை தருவதே என் கல்வி எனக்குக் கற்பித்த ஒரே ஒழுக்கம்.

“சத்திரத்து மலக்கழிவுத் தொட்டியில்.”

பெரியப்பா தம் நாக்கை வாய்க்குள் மெல்லச் சுழற்றிப் பார்த்தார். அதை நான் கண்ணால் கண்டேன். மாப்பிள்ளையும் கண்டதாகச் சொல்கிறார்.

அப்பாதான் முதலில் மீண்டார். “கூறுகெட்டவனே, அண்ணாச்சி பச்சத் தண்ணின்னா வெந்நி இல்லங்காக. நெறத்தச் சொல்லல. என்ன அண்ணாச்சி, தண்ணி நெறமாவா இருந்துது?”

“கண்ணாடி கணக்காத்தான் இருந்துது” என்றார் பெரியப்பா. அவர் முகத்தில் உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. “அப்பொ ஒண்ணும் கலக்கலதானே தம்பி?”

ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கதவிடுக்கில் கோமதியின் கண் என்னைக் கெஞ்சியது.

“அப்படி முடிவு செய்தல் முறையன்று” என்றேன். “வாய்க்கால் நீர் மிகுதி. கசிவு சிறிதானால் நிறம் கண்ணுக்குப் புலப்படாது. நிறம் தெரியாமையால் கழிவு இல்லை என்று கூற இயலாது.”

பெரியப்பா எழுந்தார். “வெந்நி போடச் சொல்லும்” என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு மாப்பிள்ளையிடம், “ஏலே, நீயும் வா. ஒனக்கும் ஊத்தணும்.”

மாப்பிள்ளை அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்தார். “நான் குளிக்கல பெரியப்பா.”

“எங்கூடத்தானல எறங்குன?”

“குளிருச்சி. கரையில நின்னு தலைய மட்டும் நனைச்சிக்கிட்டேன்.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பெண் பார்க்கும் நேரத்தில் பெண் சிரிப்பது எங்கள் பக்கத்தில் சிறு குற்றம் அன்று. மாப்பிள்ளை அந்தத் திசையை நோக்கினார், அவரும் சிரித்துவிட்டார். பெரியப்பா இருவரையும் மன்னிக்காமல் குளியலறைக்குப் போனார்.

போனவர் ஒரு பிழை செய்தார். உடம்போடு வேட்டியும் தீட்டுப்பட்டதாகக் கருதி, கோபத்தில் அதையும் வாளியில் முக்கிவிட்டார். மாற்று வேட்டி கொண்டுவரவில்லை என்பது குளித்து முடித்த பின்னரே அவருக்கு நினைவு வந்தது. அப்பா கடைக்கு ஓடிச் சரிகைக் கரை போட்ட புது வேட்டி ஒன்றை எடுத்துவந்து கதவைத் தட்டினார்.

“இது என்னது வே?” என்றது உள்ளிருந்து வந்த குரல்.

“கடைச் சரக்குதான் அண்ணாச்சி. கட்டிக்கிடுங்க.”

“பொண்ணு வீட்டுப் புது வேட்டியக் கட்டிட்டு நான் சுரண்டையில போய் எறங்குனா, நிச்சயம் ஆயிட்டுன்னுல்லா ஊர்ல பேசுவான். வேண்டாம். எம் வேட்டி காயட்டும்.”

“சாரல்ல எங்க அண்ணாச்சி காயும்? எம் பழைய வேட்டி ஒண்ணு தரட்டுமா?”

“ஒருத்தர் உடுத்தினத நான் உடுத்த மாட்டேன்.”

வேறு வழியில்லை. பெரியப்பா போர்வை ஒன்றைச் சுற்றிக்கொண்டு பின்கட்டு அறையில் கதவை அடைத்துக்கொண்டார். அவருடைய வேட்டியை அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டார். தென்காசியில் சாரல் காலத்தில் துணி காய்வது இல்லை. ஈரம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இடம் மாறும், அவ்வளவே. நான் அடுப்பை ஊதினேன், வேட்டியைத் திருப்பினேன், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன், மறுபடி வந்து ஊதினேன். என் தங்கையின் வாழ்வு அந்தக் கயிற்றில் சொட்டிக்கொண்டிருந்தது.

அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்த மாப்பிள்ளையின் தாயார் காலை நீட்டி வசதியாக அமர்ந்தார்.

“அவுகளுக்கு வேட்டி காயுற வரைக்கும் காயட்டும். ஏட்டி, நீ இங்கன வந்து உக்காரு. அப்போ சிரிச்சது நீதான?”

“ஆமா அத்தை” என்றாள் கோமதி. அவர் பெண்ணைப் பார்த்தார், பேசினார், எங்கள் வீட்டில் சாப்பிட்டார். பெரியப்பா உடன் இருந்திருந்தால் சாதகம், சீர் என்று அவரே பேசி முடித்திருப்பார் என்றும், அந்த அம்மாளுக்கு வாய் திறக்க இடமே கிடைத்திராது என்றும் மாப்பிள்ளை சொல்வதுண்டு. பொழுது சாயும் நேரத்தில் அந்த அம்மாள் பின்கட்டுக் கதவருகே போய் நின்றார்.

“அத்தான், எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. அவனுக்கும் புடிச்சிருக்கு. நீங்க என்ன சொல்லுதீய?”

உள்ளிருந்து குரல் வந்தது.

“எம் வேட்டி காஞ்சிட்டா?”

“புகையடிச்சிக் கெடக்கு. ஈரமும் போவல.”

“அப்பொ அந்தப் புது வேட்டியக் கொண்டாங்க.”

அவர் சரிகைக் கரை மின்ன வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். “தம்பி, நீரு கல்யாணத்தன்னைக்குப் பந்தியில தண்ணி பக்கம் வரக் கூடாது. சரிதானா?” என்றார். அதற்கு மட்டும் நான் ஒரே சொல்லில் விடை கூறினேன்.

இன்றும் நான் சுரண்டைக்குப் போனால் என் மைத்துனர் நாற்காலியிலிருந்தபடியே உள்நோக்கிக் குரல் கொடுப்பார்: “கோமதி, ஒங்க அண்ணன் வந்திருக்காரு. தண்ணி கொண்டா. நெறத்தப் பாத்துக் கொண்டா.” அவள் தம்ளரைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் தருவாள். பேரப்பிள்ளைகளும் அப்படியே செய்கின்றன. காரணம் கேட்டால் அதுதான் முறை என்கின்றன.

எஞ்சியது ஒன்று. அந்தச் சாயம் எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியாது. மறுநாளும், விடுமுறை முடியும் வரையிலும் வாய்க்காலையும் சுற்றியிருந்த கிணறுகளையும் பார்த்தேன். எங்கும் பச்சை தென்படவில்லை. தொட்டியில் இருந்த பச்சையும் மறைந்துவிட்டது. பெரியப்பா அன்று குளித்த நீரில் கழிவு கலந்திருந்ததா என்பதும் தெரியாது. அவர் அதன் பின்னர் நெடுங்காலம் நோயின்றி வாழ்ந்தார். அதைக் கொண்டும் எதையும் முடிவு செய்ய இயலாது.