அரை கிரவுண்டு காத்த காண்டம்

வாழ்க, சாந்தோம் சந்தின் மண்காவலர்! முப்பத்திரண்டு ஆண்டுகள் ஏழு கண்டங்களையும் பிரம்பின் முனையில் நிறுத்திப் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், வெண்மீசை வேந்தர், பட்டாவைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பராக்கிரமசாலி ஸ்தனிஸ்லாஸ் வாழ்க! மகள் ஜெசிகா என்றேனும் பெங்களூரிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டிக்கொள்ள வேண்டுமென்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர் வாங்கிப் போட்ட, வீட்டுக்கு எதிரே கிடக்கும் அந்த அரை கிரவுண்டு காலி மனையும் வாழ்க!

இந்த மாநகரில் நடைபாதை எவன் கண்ணுக்கும் தெரியாது. அடுத்தவன் மனை காலியாகக் கிடந்தால் மட்டும் அத்தனை பேருக்கும் பளிச்சென்று தெரியும். மனைக்கு அடுத்த வீட்டுக்காரர், மாடிமேல் மாடி எழுப்பும் மாவீரர் ஸ்ரீஹரி, ஒரு விடியற்காலையில் லாரிப் படையெடுத்து வந்து, மலையென மணலையும் கோட்டையெனச் செங்கல்லையும் அங்கே குவித்தார். மண்காவலர் மீசை துடிக்கப் பாய்ந்தார்.

“இன்னா சார் கோச்சிக்கிற? காலியாத்தானே கீது, ரெண்டே நாளு!” என்றான் லாரிக்காரன்.

அந்த இரண்டு நாள் நான்கு மாதமாக வளர்ந்தது. ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்று சிவப்பெழுத்தில் சீறிய பலகையை அவர் நட்டார். கொத்தனார்கள் அதில் லுங்கி காயப்போட்டார்கள். முள்வேலி அடித்தார், மூன்றாம் நாள் முள்ளும் இல்லை, வேலியும் இல்லை. சட்டம் கைவிட்டது, கம்பி கைவிட்டது. விண்ணகத்தை நோக்கித் திரும்பினார் வேந்தர். மனையின் நட்டநடுவே கெபி என்னும் சிறு குகைக்கோயில் ஒன்று கட்டி, கையில் குழந்தை இயேசுவை ஏந்திய புனித அந்தோணியாரை நிறுத்தி, “புனிதர் நிற்கும் மண்ணில் இனி எவன் மணல் கொட்டுவான்?” என்று திசையெட்டும் அதிர முழங்கினார்.

“அவர இன்னா, சம்பளமில்லாத வாட்ச்மேன்னு நெனச்சிக்கினியா?” என்றார் மனைவி டோரதி. வீரர்கள் இதையெல்லாம் காதில் வாங்குவதில்லை.

என்னே வெற்றி! மறுநாளே மணல் மறைந்தது, செங்கல் சிதறி ஓடியது. ஸ்ரீஹரியே மாலையோடு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த வாரமே பக்கத்துத் தெரு ஹாஜிரா பீ தொலைத்த வளையல் கிடைத்துவிட, காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரும் புனிதருக்கு அவர் ஒரு கட்டு மெழுகுவத்தி கொண்டுவந்தார். அந்தோணியாருக்கு உகந்த நாளான அடுத்த செவ்வாய்க்கிழமை பத்துப் பேர். அதற்கடுத்த செவ்வாய் நூறு பேர். மாதா கோயில் பங்குப் பேரவையின் ஃபிரெட்ரிக் விழாக்குழு அமைத்தார். தகரக்கூரை எழுந்தது, ஒலிபெருக்கி ஏறியது. கூட்டம் கூடக்கூடக் காவல் பலப்படுகிறதென்று நம் மண்காவலர் பூரித்தார், பாவம்.

அப்போதுதான் ஜெசிகா தொலைபேசியில் அழைத்தாள். மயிலாப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாம். வீட்டு வேலையை உடனே தொடங்கலாமாம். செவ்வாய்க்கிழமை இஞ்சினியர் வருகிறாராம். வேட்டியை மடித்துக் கட்டி, வரைபடத்தை வாளாக ஏந்தி, அளவு நாடாவோடு வந்த இஞ்சினியரைத் தளபதியாக அழைத்துக்கொண்டு, தம் சொந்த மண்ணில் காலெடுத்து வைத்தார் ஸ்தனிஸ்லாஸ்.

“வாத்தியாரே, செருப்பு, செருப்பு! இன்னா நீங்களே இப்டி? பின்னால எவ்ளோ பேரு நின்னுக்கினுகீறாங்க பாருங்க!” என்று ஃபிரெட்ரிக் குறுக்கே கை நீட்டினார்.

“இது என் மனை! பட்டா என் பெயரில் உள்ளது! இங்கே என் மகள் வாழப்போகிறாள்!” என்று கர்ஜித்தார் வேந்தர். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று முந்நூறு குரல்கள் மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்ல, அதை ஒலிபெருக்கி கடற்கரைவரை கொண்டுபோக, அந்தக் கர்ஜனை பக்கத்தில் நின்ற இஞ்சினியருக்கே கேட்கவில்லை. அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மகளிடம் இதை எப்படிச் சொல்வதென்று நினைக்கையில் அந்த மாவீரருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்தனிஸ்லாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் போய் நின்றார்.