கார்குழலியின் மூன்றாவது ஆல்பம்

ஒரு காட்டில் ராக் பாடகி ஒருத்தி இருந்தாள். பெயர் கார்குழலி. ஜாதியில் இருவாச்சிப் பறவை. அவள் அலகைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்க அதிரும். முதல் காதலன் வேறொருத்தியோடு பறந்துபோன வருத்தத்தில் அவளே எழுதி, மெட்டமைத்துப் பாடிய 'முறிந்த கிளை' ஆல்பத்தைக் கேட்டு அழாத பிராணி இல்லை. முதலையும் அழுதது, அதை மட்டும் யாரும் நம்பவில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மாசிலனுக்குப் பாட்டு தெரியாது. ஆனால் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருவான். அடைகாக்கும் காலம் வந்ததும், இருவாச்சிகளின் வழக்கப்படி அவள் மரப்பொந்துக்குள் போய், வாசலை மண் குழைத்துப் பூசி அடைத்துக்கொண்டாள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டாள். அதன் வழியாக மாசிலன் தினமும் அத்திப்பழம் ஊட்டினான்.

உள்ளே இறகெல்லாம் உதிர்ந்து, முட்டைமேல் உட்கார்ந்திருந்தவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதியாக இருந்தது. பொந்துக்குள் எதிரொலியும் பிரமாதம். மைக்கை உள்ளே வாங்கி, மனசு நிறையப் பாடி, 'நீ வந்தால் பழம் வரும்' என்று இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டாள்.

காடு கொதித்துவிட்டது.

அவளுடைய தீவிர ரசிகர்களான சிங்கவால் குரங்குகள் மரத்தடியில் கூடின.

"அக்கா, நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்ப்பா."

"அதான் அக்கா பிரச்சினையே. நாங்க எல்லாரும் காதல் தோல்வியில கிடக்கோம். நீங்க பாட்டுக்கு நல்லா இருந்தா எப்படி?"

விமர்சகர் தேவாங்கு, கண்ணை உருட்டி உருட்டி ஆல்பத்தைக் கேட்டுவிட்டு எழுதினார்: 'வயிறு நிறைந்தவரின் ஏப்பம். ஒரு நட்சத்திரம் தருகிறேன், அதுவும் பழத்துக்காக.'

கார்குழலி ஆல்பத்தை மறுபடி போட்டுக் கேட்டாள். இதைவிட நல்ல மெட்டுகளை அவள் போட்டதே இல்லை.

"என்னங்க, நிஜமாவே நல்லா இல்லையா?"

"எனக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும் குழலி?" என்றான் மாசிலன். "நீ பாடிட்டு இருந்தப்போ எனக்குக் கிளம்பவே மனசு வரலை. அன்னைக்குப் பழம் லேட்டானது அதனாலதான்."

அந்த ஒரு விமர்சனம் போதும் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். தயாரிப்பாளர் மலை அணிலுக்கு அது போதவில்லை.

மறுநாள் மாசிலன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இதற்குள் முட்டை பொரிந்து, குஞ்சு வேறு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இறகில்லாமல் வெளியே போகவும் வழியில்லை. 'இவனும் பறந்துட்டானா?' என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்ததா, நெஞ்சு எரிந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கீறலுக்கு வெளியே மலை அணிலின் முகம் தெரிந்தது.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"தெரியலையே மேடம்" என்றது அணில், மைக்கைக் கீறலுக்குப் பக்கத்தில் நகர்த்தியபடி. "மனசுல இருக்கிறதைக் கொட்டுங்க. லேசாயிடும்."

"பசிக்குதுடா பாவி!"

"அருமை! இன்னொரு தடவை, 'பாவி'யை மட்டும் கொஞ்சம் இழுத்து."

அவள் அலறினாள். கூடவே குஞ்சும் கீச்சிட்டது. அதுதான் 'இன்மை' என்ற மூன்றாவது ஆல்பம். தேவாங்கு ஐந்து நட்சத்திரமும் கொடுத்து எழுதினார்: 'பசிக்குது என்று அவர் பாடும்போது உணவைக் குறிப்பிடவில்லை என்பது தேர்ந்த ரசிகருக்குப் புரியும்.'

ஆல்பம் வெளியான அன்று மாசிலன் வந்து சேர்ந்தான். வாலில் பாதி இறகைக் காணோம்.

"குரங்குங்க கொடியால கட்டிப்போட்டுட்டாங்க குழலி. உன் நல்லதுக்குத்தான்னு அணில் சொல்லிச்சு."

அவள் பழத்தை வாங்கி முதலில் குஞ்சுக்கு ஊட்டினாள். "அந்த அணிலோட கழுத்தைத் திருகாம விடமாட்டேன்" என்று உறுமிக்கொண்டே, கீறல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

கீழே கண்ணுக்கெட்டிய தூரம்வரை கூட்டம். கரடி தேம்பிக்கொண்டிருந்தது. மான்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதன. குரங்குகள் அவள் பெயரைச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டன. இரண்டாவது ஆல்பத்தைக் கொண்டாட இதில் ஒரு ஈ கூட வந்திருக்கவில்லை. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க..."

"சொல்லு குழலி."

"ஒரு வாரம் உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்."

மாசிலனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ சமாளிச்சுக்குவே. ஆனா குஞ்சு பசி தாங்காதேம்மா."

"அதான் சொல்றேன்" என்றாள் கார்குழலி. "கோரஸுக்கும் ஆள் வேணுமில்ல?"

நீதி: குடும்பத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் எந்தக் கலைஞரும் உச்சத்தைத் தொட முடியாது.